சாம்பிள் டிரம்ஸும் திணறும் கணினியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் நெருங்கும்போது சேலத்தின் வீட்டு ஸ்டுடியோக்களில் அம்மன் பாடல் வேலை சூடு பிடிக்கும். பறைக்கும் உறுமிக்கும் கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்துவிட்டு, டிரம்ஸுக்கு மட்டும் சாம்பிள் தொகுப்பை, அதாவது முன்பே ஒவ்வோர் அடியாகப் பதிந்து வைத்த ஒலிகளின் தொகுப்பை, நாடுவது என்னைப் போன்ற பலரின் வழக்கம். பாடல் பாதி வளர்ந்ததும் ஒலியில் படபடவென்று வெடிப்புகள் கேட்கத் தொடங்கும். கணினி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் அந்த முடிவு அவசரமானது.

முதல் தவறு, எந்த உறுப்பு திணறுகிறது என்று பார்க்காமலே மருந்து கொடுப்பது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம் என்று காட்டும்போதே ஒலி வெடிப்பதுண்டு. அது புராசஸருக்குள் தனித்தனியாக இயங்கும் எல்லா கோர்களின் சராசரியைக் காட்டுகிறது. ஆனால் ஒரு ட்ராக்கில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட பிளக்-இன்களின் (ஒலியை உருவாக்கும், மாற்றும் துணை மென்பொருள்களின்) வேலை பொதுவாக ஒரே கோரின் மீது விழுகிறது. அந்த ஒரு கோர் உரிய நேரத்தில் வேலையை முடிக்காவிட்டால், மற்றவை சும்மா இருந்தும் பயனில்லை. ஆகவே இசை மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் மீட்டரையும், ரேம், டிஸ்க் அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேம் நிரம்பியதாலோ, பழைய ஹார்டு டிஸ்க்கால் சாம்பிள்களை வேகமாக எடுத்துத் தர முடியாததாலோ எழும் வெடிப்பைப் புராசஸரின் குற்றமாக எண்ணிப் பணத்தைச் செலவழித்தவர்கள் உண்டு.

அடுத்தது என்னை மிகவும் வருத்தும் தவறு. சுமையைக் குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் வெட்டுவது வெலாசிட்டி அடுக்குகளையும் ரவுண்டு ராபின் மாற்றுகளையும்தான். மெல்லிய அடிக்கும் பலமான அடிக்கும் தனித்தனிப் பதிவு இருப்பதாலும், ஒரே அடி திரும்ப வரும்போது வேறொரு பதிவு ஒலிப்பதாலும்தான் டிரம்ஸ் மனிதர் வாசித்ததுபோல் இருக்கிறது. இந்த அடுக்குகள் பிடிப்பது ரேமையே; ஓர் அடிக்குப் பெரும்பாலும் ஓர் அடுக்குதான் ஒலிப்பதால், அவற்றை நீக்கிப் புராசஸருக்குக் கிடைக்கும் ஓய்வு மிகக் குறைவு. ரேம்தான் பற்றாக்குறை என்றால், கான்டாக்ட் போன்ற சாம்பிளர்களில் (சாம்பிள்களை ஒலிக்க வைக்கும் மென்பொருள்களில்) உள்ள பர்ஜ் வசதியைக் கொண்டு, பாடலில் ஒலிக்காத சாம்பிள்களை மட்டும் ரேமிலிருந்து இறக்கிவிடலாம்.

புராசஸரை உண்மையில் வாட்டுபவை மைக்குகள். பெரிய தொகுப்புகளில் ஸ்நேர் டிரம்மின் மேலும் கீழும், காலால் அடிக்கும் கிக் டிரம்மின் உள்ளும் வெளியும், டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட், அறை மைக்குகள் எனப் பல பதிவுகள் ஒவ்வோர் அடிக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாய்ஸாக, அதாவது சாம்பிளர் ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கும் ஒரு தனி ஒலியாக, கணக்காகிறது. 10 மைக்குகள் திறந்திருக்கையில் 10 வினாடி ஒலித்து அடங்கும் கிராஷ் சிம்பலை 2 வினாடிக்கு ஒருமுறை அடித்தால், அந்த ஒரு சிம்பலுக்கு மட்டும் 50 வாய்ஸ்கள் வரை சேர்ந்துவிடும். பறையும் உறுமியும் முன்னணியில் முழங்கும் பாடலில் டாம்டாமுக்குள் கசியும் ஸ்நேர் ஒலியும் தொலைவிலுள்ள அறை மைக்கும் யார் காதிலும் விழப்போவதில்லை. அவற்றின் ஒலியளவை இறக்கி வைத்தால் போதாது. பல சாம்பிளர்களில் அவை பின்னணியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மைக்குகளை முழுமையாக அணைத்துவிட வேண்டும்.

கிக், ஸ்நேர், டாம் ஒவ்வொன்றுக்கும் தனி ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) போடுவதும் வீண் சுமை. ஒரே ரிவெர்ப்பை ஒரு சென்ட் ட்ராக்கில் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்பினால் சுமை குறைவதோடு, எல்லாம் ஒரே அறையில் வாசித்த உணர்வும் கிடைக்கும்.

பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 44,100 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் (இங்கே ஒலியின் ஒரு நுண் அளவீடு) பஃபர் என்றால் ஏறக்குறைய 1.5 மில்லிவினாடிக்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். 1,024 என்றால் 23 மில்லிவினாடி அவகாசம் உண்டு. டிரம் பேடில் வாசித்துப் பதியும்போது மட்டுமே சிறிய பஃபர் தேவை. மிக்ஸிங்கின்போதும் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு.

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. குரல் பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் அடைத்த அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இங்கே திணறிய ஒரு பாடல் கோப்பு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் குளிரில், அதே லேப்டாப்பில், எந்த மாற்றமும் செய்யாமலே தடையின்றி ஓடியதை நான் கண்டிருக்கிறேன். அடிப்புறம் காற்றோட்டம் கிடைக்கும்படி மரப்பலகை மீது உயர்த்தி வைத்தாலே கணிசமான வேறுபாடு தெரியும்.

தாளம் முடிவானபின் டிரம்ஸ் ட்ராக்கை ஃப்ரீஸ் செய்வதோ (தற்காலிகமாக ஒலியாக்கி, சாம்பிளருக்கு ஓய்வு தருவதோ) ஆடியோவாக மாற்றுவதோ எல்லாவற்றிலும் பெரிய விடுதலை. அதை ஒரே ஸ்டீரியோ கோப்பாக மாற்றிவிட்டால் பின்னர் ஸ்நேரை மட்டும் உயர்த்த வழியிருக்காது. ஆகவே கிக், ஸ்நேர், டாம், ஓவர்ஹெட் என்று தனித்தனியாக எடுத்து, எந்த அடி எப்போது என்ற குறிப்புகள் உள்ள மூல மிடி ட்ராக்கையும் அதன் சாம்பிளரையும் அழிக்காமல் முடக்கி வைக்க வேண்டும். மாற்றும் எல்லையைக் கடைசி அடியோடு நிறுத்தாமல் மேலும் சில பார்கள் (தாளச் சுற்றுகள்) நீட்டினால், இறுதிச் சிம்பலின் ஒலி பாதியில் அறுபடாது.