மலைக்குளிரில் பெரிய மீன்தொட்டி: கரண்ட் பில்லை ஏற்றும் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆறடித் தொட்டி வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கார்த்திகைக் குளிர் ஆரம்பித்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான்: "அண்ணா, டிஸ்கஸ் வாங்கினதுல இருந்து பில் எகிறிடுச்சு. கரண்ட் கம்மியா இழுக்கிற ஹீட்டர் ஏதாவது சொல்லுங்க." (டிஸ்கஸ் என்பது வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் அலங்கார மீன்.) ஹீட்டரில் தேடும்வரை விடை கிடைக்காது. சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். கீழே இருப்பவற்றில் சிலவற்றை ஆரம்பத்தில் நானும் செய்தவன்தான். அதே தவறுகளுக்குப் புதியவர்கள் மறுபடி பணம் கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன். தண்ணீருக்கு வெளியே ஹீட்டரைப் போட்டு உடைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். வீட்டுக்குள் 16 டிகிரி இருக்கும்போது தண்ணீரை 28 டிகிரியில் நிறுத்த, சராசரியாக 300 வாட் செலவாவது சாதாரணம். நாளுக்கு 7 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத ரீடிங்கில் 430 யூனிட்டைத் தொடும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்த்தட்டில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடுகிறது. 200 யூனிட்டில் நின்ற வீடு அந்தக் கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் இந்தத் தொட்டியால்தான்.

வாட் குறைந்த ஹீட்டர் வாங்குவது

500 வாட் ஹீட்டருக்குப் பதில் 200 வாட் போட்டால் பில் குறையும் என்பது பலரின் நம்பிக்கை. தண்ணீருக்குள் இருக்கும் எந்த மின்சார ஹீட்டரும் தான் இழுக்கும் கரண்டை முழுக்க முழுக்கச் சூடாகத்தான் மாற்றுகிறது. பழையது, புதியது, விலை குறைந்தது, டைட்டானியம் எல்லாம் இதில் ஒன்றுதான். 500 வாட் ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். 200 வாட் ஹீட்டர் விடிய விடிய ஓடியும் 28 டிகிரியைத் தொடாது. தண்ணீர் 24-ல் நின்றுவிடும், மீன் மூலையில் ஒதுங்கி கறுத்துப்போகும், பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வரும். அந்தத் தொட்டியில் யூனிட் குறைந்திருந்தால் தண்ணீர் சூடாகவில்லை என்று அர்த்தம்.

இந்த அளவுத் தொட்டிக்கு 300 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்றின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினாலும் மீன் வெந்துபோகாது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

தொட்டியை மூடிவிட்டு சம்ப்பைத் திறந்து போடுவது

சம்ப் என்றால் தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள் வைக்கும் ஃபில்டர் தொட்டி. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. செலவும் இதில் அதிகம்.

28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் தன்னோடு ஏறக்குறைய 0.67 யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், மேலே குளிர்ந்த காற்று: ஆவியாக இதைவிட வசதி வேண்டியதில்லை. மூடாத ஆறடித் தொட்டியில் நாளுக்கு நாலைந்து லிட்டர் சத்தமில்லாமல் போகும். அதாவது மூன்று யூனிட், காற்றில். கண்ணாடி வழியாகப் போகும் சூடு இதில் சேராது, அது தனி.

சம்ப் இல்லாத தொட்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நீர்மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டி வையுங்கள். ஆறுக்கு இரண்டு அடித் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 11 லிட்டர் போயிருக்கிறது, ஏழு யூனிட்டுக்கு மேல். சம்ப் உள்ள தொட்டியில் மேலே மட்டம் இறங்கவே இறங்காது. மிஞ்சும் தண்ணீரைக் கீழே சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ அதை ஒரே உயரத்தில் வைத்திருக்கும். குறைவதெல்லாம் கீழே, கேபினட் கதவுக்குப் பின்னால், பம்ப் இருக்கும் கடைசி அறையில். தானாகத் தண்ணீர் நிரப்பும் வால்வும் இருந்துவிட்டால் அதுவும் தெரியாது.

குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் இதைத்தான் பார்த்தேன். பில்லைக் குறைக்க வேண்டும் என்று டைட்டானியம் ஹீட்டரும் தனிக் கன்ட்ரோலரும் வாங்கியிருந்தார். மேல் தொட்டிக்குக் கச்சிதமான கண்ணாடி மூடி. பில் மட்டும் அசையவில்லை. கேபினட் கதவைத் திறந்தேன். முகத்தில் ஈரக்காற்று அடித்தது. பிளைவுட்டின் ஓரங்கள் ஊதி, லேமினேட் உரிந்து, மேல்பலகையின் அடியில் வரிசையாகத் தண்ணீர்த் துளிகள். சம்ப்பின் மேல் எதுவும் இல்லை. சாக்ஸ் ஃபில்டரில் (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை) தண்ணீர் அருவியாக விழுந்து தெறிக்கிறது. போதாததற்கு, ஈரம் போகட்டும் என்று பின்பலகையில் சின்ன ஃபேன் ஒன்றை மாட்டி நாள் முழுக்க ஓட விட்டிருந்தார். வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர வைக்க நாம் செய்யும் வேலை அது. அதையே ஜனவரியில், ஹீட்டர் ஓடும் தொட்டிக்குச் செய்துகொண்டிருந்தார்.

சரிசெய்ய ஆன செலவு ஹீட்டர் விலையில் சிறு பங்குதான். கூரை ஷீட் விற்கும் கடையில் உள்ளே வெற்று அறைகள் கொண்ட பாலிகார்பனேட் ஷீட் கிடைக்கும், நம் பக்கம் பசுமைக்குடில்களுக்குப் போடுவார்களே, அதுதான். 6 மில்லிமீட்டரில் வாங்கி சம்ப்பின் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனித் துண்டாக வெட்டி வைத்தோம். வெட்டிய ஓரங்களை டேப் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டின் அந்த வெற்று அறைகளுக்குள் தண்ணீர் ஏறிப் பாசி பிடிக்கும். ஒற்றை அக்ரிலிக் ஷீட் வேண்டாம், ஈரத்தில் வில்லாக வளைந்துவிடும். மேலிருந்து தண்ணீர் விழும் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கியதும் தெறிப்பு நின்றது. ஃபேனைக் கழற்றினோம். ஈரம் வருவதே நின்றபிறகு அதற்கு வேலை இல்லை.

"மூடினா மீனுக்கு மூச்சு முட்டாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். முட்டாது. குழாய் நுழையும் இடத்திலும் மூலையிலும் விரல் அளவு இடைவெளி விடுங்கள், மேல்பரப்பு அசைந்துகொண்டிருக்கட்டும். அது போதும். மூடியில் பனித்துளி பிடித்து வெளிச்சம் மங்கலாகிறது என்று சிலர் மூடியைக் கழற்றி அலமாரி மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தத் துளிகள்தான் உங்கள் காசு. மூடியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்தால் தொட்டிக்குள்ளேயே திரும்ப விழும். திறந்து வைத்தால் அதே ஈரம் அறைச் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். மலையில் மழைக்காலத்து ஈரமே நமக்குப் போதும்.

பின்கண்ணாடியை வெறுமனே விடுவது

பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டுகளும் சேர்ந்து 20 சதுர அடி. 12 டிகிரி வித்தியாசத்தில் இதன் வழியாக மட்டும் 150 வாட் அளவுக்குப் போகும். 25 மில்லிமீட்டர் தெர்மோகோலை வெளியிலிருந்து ஒட்டினால் அது 30 வாட்டுக்கும் கீழே இறங்கும். மேலே கறுப்பு சார்ட் ஒட்டிவிட்டால் பார்வைக்கும் அழகு. இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கண்ணாடிக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே காற்று ஓடினால் பயன் பாதியாகிவிடும். முன்கண்ணாடிக்கு இரவில் ஒரு கம்பளி.

30 டிகிரி வைத்தே தீருவேன் என்பது

வளர்ந்த டிஸ்கஸுக்கு 28 போதும். அறை 16 என்றால் வித்தியாசம் 14-லிருந்து 12 ஆகிறது. செலவில் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. ஹீட்டரின் டயலை நம்பாமல் தனி தெர்மாமீட்டரில் பாருங்கள். ஆஸ்கர் மீனுக்கு 25 போதும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஹீட்டரே தேவையில்லை.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

14 டிகிரித் தண்ணீர் 200 லிட்டர் மாற்றினால், அதை 28-க்குக் கொண்டுவர மூன்றேகால் யூனிட். டிஸ்கஸ்காரர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றுகிறோம். கறுப்பு டிரம்மில் காலையிலேயே பிடித்து வெயிலில் வைத்து மாலையில் மாற்றுங்கள். குளிர்காலத்தில் இங்கே பகல் வெயில் நன்றாகவே அடிக்கும். நாலு டிகிரி ஏறினாலே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு யூனிட் மிச்சம். குளோரினும் பெருமளவு போய்விடும்.

ராத்திரி ஹீட்டரை அணைப்பது

வேண்டாம். மிச்சமாவது சொற்பம், தினமும் சூடு ஏறி இறங்கினால் மீனுக்கு நோய் வர வாய்ப்பு அதிகம்.

குளிக்க வெந்நீர் போடும் ராடைத் தொட்டிக்குள் விடுவது

உயிர் போகும்.

பம்ப்பை மாற்றினால் பில் குறையும் என்பது

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் கரண்டும் கடைசியில் தொட்டியில்தான் சூடாக இறங்குகிறது. 60 வாட் பம்ப்பை எடுத்து 30 வாட் போட்டால், அந்த 30 வாட்டைக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஈடுகட்டும். மலையில் இதற்கு அவசரம் இல்லை. கோடையில் ஹீட்டர் ஓயும் மாதங்களில் வேண்டுமானால் மாற்றலாம்.

இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டுவது

காற்றுமழையில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போவது இங்கே வழக்கம். ஹீட்டரை மாட்டினால் பேட்டரி சீக்கிரமே தீர்ந்து ஏர் பம்ப்பும் நின்றுவிடும். ஏர் பம்ப்பை மட்டும் மாட்டுங்கள். 300 வாட் கசியும் 680 லிட்டர் தொட்டி ஐந்து மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு டிகிரி இறங்கும். மூடியும் தெர்மோகோலும் கசிவைப் பாதியாக்கினால் ஒரு டிகிரிதான். மீன் அதைத் தாங்கும்.