டி.பி. கூப்பர் வழக்கை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1971 நவம்பர் 24 அன்று பிற்பகல், அமெரிக்காவின் போர்ட்லாந்து விமான நிலையத்தில் 'டான் கூப்பர்' என்று பெயர் கொடுத்து, ரொக்கப் பணத்துக்கு ஒருவழிப் பயணச்சீட்டு வாங்கிய ஒருவர், நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் 305ஆம் எண் விமானத்தில் ஏறினார். போயிங் 727 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானம் சியாட்டிலை நோக்கிப் புறப்பட்டதும், தம்மிடம் வெடிகுண்டு இருப்பதாகப் பணிப்பெண்ணிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, 2,00,000 டாலரும் நான்கு பாராசூட்டுகளும் கேட்டார். சியாட்டிலில் அவை வந்து சேர்ந்ததும் பயணிகளை விடுவித்தார். விமானத்தை மெக்சிகோவை நோக்கிச் செலுத்தச் சொல்லி, இரவு எட்டு மணி கடந்த சிறிது நேரத்தில், பின்புறப் படிக்கட்டு வழியே மழையிலும் இருட்டிலும் குதித்துவிட்டார். அவர் யார் என்பதும் குதித்த பின் என்ன ஆனார் என்பதும் இன்றுவரை தெரியாது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2016 ஜூலையில் முனைப்பான விசாரணையை நிறுத்திக்கொண்ட பிறகு, இவ்வழக்கு பெரும்பாலும் ஆர்வலர்களின் கைக்கு வந்துவிட்டது. அவர்களுள் சிலர் செய்திருக்கும் ஆய்வு எந்த விசாரணை அமைப்புக்கும் பெருமை சேர்க்கக்கூடியது. ஆனால் பலருடைய உழைப்பு ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது: அவர்கள் தடயத்திலிருந்து ஆளைத் தேடுவதில்லை, ஆளை முடிவு செய்துவிட்டுத் தடயத்தைத் தேடுகிறார்கள்.

இதுவே மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். ஒருவருக்குத் தம் உறவினர் மீது ஐயம் எழுகிறது. அவர் முன்னாள் இராணுவ வீரர், பாராசூட்டில் குதித்துப் பழகியவர், 1972இல் திடீரென்று வீடு வாங்கியவர், பழைய புகைப்படத்தில், எஃப்.பி.ஐ. வெளியிட்ட கூப்பரின் உருவ ஓவியத்தின் சாயலும் இருக்கிறது. அதன் பிறகு பொருந்துவதெல்லாம் சான்றாகிறது. பொருந்தாததற்கெல்லாம் ஒரு சமாதானம் பிறக்கிறது. கண்ணின் நிறம் வேறாக இருந்தால் கண்ணாடி வில்லை அணிந்திருப்பார். உயரம் குறைந்தால் குதிகால் உயர்ந்த காலணி போட்டிருப்பார். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதைதான் இது. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர், வியட்நாம் போர் ஆகிய மூன்றையும் கண்ட நாட்டில், நாற்பதுகளின் நடுவயதில், பாராசூட் பயிற்சியோ விமான அறிவோ பெற்று, கூப்பரைப் போலப் புகைபிடித்து, போர்பன் என்னும் விஸ்கி குடித்த ஆண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை ஆய்வாளர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளிலேயே எஃப்.பி.ஐ. 800க்கும் மேற்பட்டோரைப் பரிசீலித்தது. அவர்களுள் பெரும்பாலோர் மீதும் இப்படி ஏதோ ஒன்று பொருந்தியதால்தான் அவர்கள் பட்டியலில் ஏறினார்கள்.

ரிச்சர்ட் மெக்காய் என்பவரின் கதை இதற்கு நல்ல பாடம். கூப்பர் குதித்து ஐந்து மாதங்கூட நிறையாத 1972 ஏப்ரலில், அவர் யுனைடெட் நிறுவனத்தின் 727 விமானம் ஒன்றைக் கடத்தி, 5,00,000 டாலர் பெற்று, யூட்டா மாநிலத்தில் குதித்தார். சில நாள்களிலேயே பிடிபட்டார். முறை அச்சு அசலாக ஒன்றே என்பதால் இருவரும் ஒருவரே என்று இன்றும் உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் மெக்காய்க்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. விமானப் பணிப்பெண்கள் கூறிய அடையாளங்களும் அவருக்குப் பொருந்தவில்லை. கூப்பர் குதித்ததற்கு மறுநாள் அவர் யூட்டாவில் தம் வீட்டில் இருந்ததாகவும் எஃப்.பி.ஐ. கருதியது. முறை ஒத்திருப்பதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. கூப்பரின் செயல் முதல் பக்கச் செய்தியாக நாடு முழுவதும் விரிவாக வெளிவந்திருந்தது. அதைப் படித்த எவரும் அதே வழியில் முயன்றிருக்கலாம்.

மரணப் படுக்கையில் 'நானே கூப்பர்' என்று சொல்லிச் சென்றவர்களின் கதைகளுக்கும் ஈர்ப்பு அதிகம். அவற்றைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: அதுவரை அச்சில் வராத, பின்னர் தனியாகச் சரிபார்க்கக்கூடிய ஏதேனும் ஒரு விவரத்தை அவர் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், அந்த ஒப்புதல் அவரது மனநிலையைப் பற்றிய சான்றாக இருக்கலாமே தவிர, குற்றத்தைப் பற்றிய சான்றாகாது.

அடுத்து, விமானத்தில் அவர் விட்டுச்சென்ற கழுத்துப் பட்டை. கவ்வியால் மாட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு டை, எஃப்.பி.ஐ.யிடம் எஞ்சியிருக்கும் மிக மதிப்புள்ள பொருள்களுள் ஒன்று. அதனாலேயே அதன்மீது ஏற்றப்படும் சுமையும் அதிகம். அதிலிருந்து பெறப்பட்ட மரபணு மாதிரி முழுமையற்றது. ஒன்றுக்கு மேற்பட்டோரின் மரபணுக்கள் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே 'மரபணு பொருந்தவில்லை, எனவே இவர் கூப்பர் இல்லை' என்று முடித்துவிடவும் முடியாது. நாளை ஒருவருக்குப் பகுதி அளவில் பொருந்தினாலும் வழக்கு தீர்ந்ததென்று கொண்டாடவும் முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் தெளிவான மாதிரியைத் தந்திருக்கக்கூடிய எட்டு சிகரெட் துண்டுகள் விமானத்தில் கிடைத்தன. அவை பின்னர் விசாரணையாளர்களின் பாதுகாப்பிலேயே தொலைந்து போயின.

டாம் கே என்ற ஆய்வாளரின் தலைமையிலான தன்னார்வக் குழு, அந்த டையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் தூய டைட்டானியம் துகள்கள் இருப்பதைக் கண்டது. 1971இல் அவ்வுலோகத்தைக் கையாண்ட தொழிற்சாலைகள் குறைவு என்பதால் இது உண்மையிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் அங்கிருந்து 'கூப்பர் போயிங் நிறுவனப் பொறியாளர்' என்று தாவுவதற்குள் மூன்று கேள்விகளைக் கடக்க வேண்டும். அந்த டை அவருடையதா, வேறொருவர் அணிந்து கைமாறியதா? துகள்கள் கடத்தலுக்கு முன்பே ஒட்டியவையா, பின்னர் பல்லாண்டுகள் பலர் கைபட்டதில் சேர்ந்தவையா? டைட்டானியம் இருந்த இடத்தில் வேலை செய்தவர்கள் மட்டுந்தான் அதைச் சுமந்தார்களா? இவற்றுக்கு விடை காணாமல் ஊழியர் பட்டியலைத் தேடிச் செல்வது, ஆளை முடிவு செய்துவிட்டுத் தேடும் பழைய பழக்கத்துக்கே திரும்புவதாகும்.

சாட்சியங்களை எடைபோடும்போது, அவை நிகழ்வுக்கு எவ்வளவு அருகில் பதிவானவை என்று பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. கடத்தல் நடந்த இரவிலும் அடுத்த சில நாள்களிலும் விமானப் பணியாளர்கள் கொடுத்த வாக்குமூலங்களும், அதே மனிதர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து நேர்காணல்களில் சொன்னவையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. நினைவு தேய்வது மட்டுமன்று. இடைப்பட்ட காலத்தில் படித்ததும் பார்த்ததும் அதனுடன் கலந்துவிடுகின்றன. இவ்வழக்கின் பெயரே எச்சரிக்கையாக நிற்கிறது. பயணச்சீட்டில் இருந்தது 'டான் கூப்பர்' மட்டுமே, 'டி.பி.' என்பது காவல்துறையினர் விசாரித்து விடுவித்த வேறொருவரின் பெயரைச் செய்தியாளர்கள் குழப்பிக்கொண்டதால் வந்தது. முதல் நாளிலேயே புகுந்த அந்தப் பிழை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தப்படவில்லை. ஆகவே, ஒரு தகவல் நூறு இடங்களில் காணப்பட்டாலும், அது நூறு சாட்சிகளா, ஒரே சாட்சியின் நூறு பிரதிகளா என்று தேடிப் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஐ. பகுதி பகுதியாக வெளியிட்ட கோப்புகள் அதற்கு உதவும். பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்ட அப்பக்கங்களைப் படிப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆர்வலர்கள் பலர் அவற்றைத் தவிர்ப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

விசாரணையாளர்களின் கருத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதும் இதே வகைப் பிழை. தொடக்கத்தில் கூப்பரைத் தேர்ந்த பாராசூட் வீரர் என்று நம்பிய எஃப்.பி.ஐ., பின்னர் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. மழைக் கோட்டும் சாதாரணக் காலணியும் அணிந்து, மணிக்கு 200 மைல் வேகக் காற்றில் எந்த வல்லுநரும் குதித்திருக்க மாட்டார் என்பதும், கொடுக்கப்பட்ட துணைப் பாராசூட்டுகளுள் ஒன்று பயிற்சிக்காகத் தைத்து மூடப்பட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அதிலிருந்து அவர் இறந்திருக்க வேண்டும் என்ற முடிவை ஒரு சாரார் எட்டுகிறார்கள். ஆனால் 1972இல் அவரைப் பின்பற்றிப் பணத்துடன் விமானத்திலிருந்து குதித்த ஐவரும் உயிருடன் தரையிறங்கினார்கள் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. உயிர் பிழைத்தார் என்பவர்களோ, கொடுக்கப்பட்ட நோட்டுகளின் எண்கள் பதிவு செய்யப்பட்டிருந்தும் ஒன்றுகூடப் புழக்கத்தில் தென்பட்டதாக உறுதிப்படவில்லை என்பதைக் கடந்து போகிறார்கள்.

இனி, அவர் எங்கே விழுந்தார் என்ற கேள்வி. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, காடு முழுவதும் உலோகங்காட்டும் கருவியுடன் திரிபவர்கள், அந்தப் புள்ளி எப்படிக் கிடைத்தது என்பதைக் கேட்பதில்லை. குதித்த நேரத்தை எவரும் பார்க்கவில்லை. எட்டு மணி கடந்து பத்து நிமிடங்களுக்கு மேல் ஆனபோது விமான ஓட்டிகள் காதில் உணர்ந்த அழுத்த மாற்றமும் வாற்பகுதியின் அசைவுமே ஆதாரம். 1972 ஜனவரியில் 200 பவுண்டு எடையுள்ள பாரத்தைப் படிக்கட்டிலிருந்து தள்ளிப் பார்த்த சோதனையில் அதே அசைவு ஏற்பட்டதால் அந்த ஊகம் வலுப்பெற்றது. ஆனால் நிமிடத்தைத் துல்லியமாக அது தரவில்லை. விமானம் ஒரு நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கடந்துகொண்டிருந்தது. அதனுடன் காற்றின் திசை, அவர் பாராசூட்டை எந்த உயரத்தில் விரித்தார் என்பவற்றையும் சேர்த்தால், புள்ளி பல பத்துச் சதுர கிலோமீட்டர்களாக விரிந்துவிடும்.

1980 பிப்ரவரியில் கொலம்பியா ஆற்றின் டீனா பார் என்ற மணற்கரையில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த 5,800 டாலர் இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் பெருக்கிவிட்டது. எண்கள் கூப்பருக்குக் கொடுத்த நோட்டுகளுடன் பொருந்தின. கட்டுகளின் ரப்பர் பட்டைகளும் எஞ்சியிருந்தன. முதலில் தேடல் நடந்த லூயிஸ் ஆறு, டீனா பாருக்குக் கீழேதான் கொலம்பியாவில் கலக்கிறது. அங்கே விழுந்த பணம் நீரோட்டத்தை எதிர்த்து மேலே வந்திருக்க முடியாது. மேலே கலக்கும் வாஷோகல் ஆறு ஏற்றதாகத் தோன்றினாலும், அவ்வளவு தூரம் உருண்டு வந்த கட்டுகள் ஒன்றாகவே கரையில் ஒதுங்கியது எப்படி என்பது விளங்கவில்லை. 1974இல் ஆற்றைத் தூர்வாரிக் கரையில் கொட்டிய மணலுக்கு மேற்பட்ட அடுக்கில் நோட்டுகள் கிடந்தன என்று போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக நிலவியலாளர் லெனர்ட் பால்மர் முடிவு செய்தார். 2020இல் டாம் கே குழுவினர் நோட்டுகளில் ஒட்டியிருந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளை ஆராய்ந்து, பணம் நீரில் நனைந்தது நவம்பரில் அன்று, அதற்குப் பல மாதங்கள் பிந்திய பருவத்தில் என்று வாதிட்டார்கள். ஆய்வாளர் இவற்றுள் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிழை என்று ஒதுக்குவதுதான் இங்கே வழக்கமான தவறு. பணம் இருந்த இடம் ஆள் இருந்த இடம் என்றும் கொள்ள முடியாது. 1972 ஜூனில் இந்தியானா மாநிலத்தில் குதித்த ஒரு கடத்தல்காரரிடமிருந்து பணப்பை வானிலேயே பிரிந்து விழுந்தது. அவரோ வேறிடத்தில் உயிருடன் இறங்கினார்.

காட்டில் கிடைக்கும் துணியெல்லாம் கூப்பரின் பாராசூட் ஆகிவிடுவதில்லை. 2008இல் ஆம்பாய் என்ற ஊருக்கு அருகே மண்ணிலிருந்து ஒரு பாராசூட் வெளிப்பட்டபோது நாடே பரபரத்தது. அது பட்டுத் துணியால் 1940களில் செய்யப்பட்டது, கூப்பருக்குக் கொடுத்ததோ நைலான் என்று தெரிந்ததும் அடங்கியது. கூப்பர் பெயரில் அன்றைய நாளிதழ்களுக்கு வந்த கடிதங்களில் சங்கேத எண்களைத் தேடுவோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்கடிதங்களை எழுதியவர் கூப்பர்தான் என்று முதலில் நிறுவாமல், அவற்றிலிருந்து எந்தப் பெயரையும் பிரித்தெடுக்கலாம்.

பெயரைப் பொதுவெளியில் வைப்பதில் வேண்டிய கவனம் சிறிதல்ல. 1976இல் பெயரறியா நபர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டதால், கூப்பர் இன்று பிடிபட்டாலும் வழக்கு நடத்தலாம். 'இது காலாவதியான வழக்கு, யார் பெயரையும் சொல்லலாம்' என்ற எண்ணம் சட்டப்படியே தவறு. இறந்தவர் பெயர் என்றாலும், அவர் பிள்ளைகளின் வீட்டு வாசலில் படப்பிடிப்புக் கருவியுடன் போய் நிற்பது ஆராய்ச்சியின் கணக்கில் வராது. டீனா பாரும் தனியார் நிலமே. உரிமையாளர் இசைவில்லாமல் தோண்டி எடுத்தது எதுவானாலும் அதன் ஆதார மதிப்பு அங்கேயே பாதி போய்விடும். முனைப்பான விசாரணையை நிறுத்தியபோது எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டது ஒன்றே: பாராசூட்டுகளோ கொடுக்கப்பட்ட பணமோ கைக்குக் கிடைத்தால் அருகிலுள்ள அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படி ஏதேனும் கிடைப்பவர் அதைக் கழுவாமல், பிரிக்காமல், கிடந்த ஆழத்தையும் மண்ணின் அடுக்கையும் படமெடுத்து, நோட்டு என்றால் அதன் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே யாரிடமும் வாய் திறக்க வேண்டும்.