நூலகத்தில் டிசம்பர் முகாம்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

வடசென்னையில் இருக்கும் எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இந்த வருடம் நான்கு கல்லூரிப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் சிறுவர் முகாம் நடத்தப்போவதாகச் சொல்லி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று நாள், கதை, ஓவியம், தொடக்க விழா, சிறப்பு விருந்தினர், பொன்னாடை. பத்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய தாளையே மறுபடி பார்த்ததுபோல் இருந்தது. அதிலிருந்த தவறுகளும் ஒன்றுவிடாமல் இதிலும் இருந்தன.

மைக்கை முதல்நாளே சோதிப்பது, பிஸ்கட் பாக்கெட்டைக் கூடுதலாக வாங்கி வைப்பது எல்லாம் ஒருமுறை நடத்தினாலே பழகிவிடும். யாரும் சொல்லித்தராமல் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தேதி

டிசம்பரின் முதல் பாதியைத் தொடாதீர்கள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அந்த மாதத்தின் முதல் வாரத்தில்தான் வந்தன. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும்போது யாரும் பிள்ளையைக் கதை கேட்க அனுப்ப மாட்டார்கள். நூலகம் தரைத்தளத்தில் இருந்தால், அந்த நாட்களில் நமக்கு இருக்கும் ஒரே வேலை கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றுவதுதான். மிக்ஜாம் வருடத்தில் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. நாங்கள் தேதி போட்டு அடித்த நோட்டீஸ் அத்தனையும் வீண்.

தேர்வு முடிந்து ஜனவரி முதல் தேதி வரை கிடைக்கும் ஒரு வாரம்தான் நமக்கு. அதிலும் 24, 25 வேண்டாம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையில் பாதிப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் வேலையில் இருப்பார்கள். 26ஆம் தேதி காலையும் வேண்டாம். 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் காசிமேட்டுக் கரையில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுகிற நாள் அது. அன்று காலை மைக் வைத்துப் பாட்டுப்போட்டி நடத்தக் கூடாது. 27இல் தொடங்குங்கள்.

ஞாயிறு காலை பத்து மணி

பெற்றோரை இந்த நேரத்துக்குக் கூப்பிடுவது அலுவலகம் போகிறவர்களின் கணக்கு. காசிமேட்டு மீன் சந்தைக்கு ஞாயிறு விடியற்காலையில்தான் கூட்டம் அதிகம். மீன் விற்கும் அம்மா வீடு திரும்பி, குளித்து, சமைத்து முடிக்க மதியமாகிவிடும். “பெற்றோர் ஏன் வருவதில்லை?” என்று இரண்டு வருடம் மேடையில் வருத்தப்பட்டேன். மூன்றாம் வருடம் மூன்று மணிக்கு வைத்தோம், வந்தார்கள். ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். இந்த மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

படித்துக்கொண்டிருப்பவரை எழுப்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. செய்தது நான்தான்.

முதல் முகாமின்போது வாசிப்புக் கூடத்தில் இருந்த மேசைகளை எல்லாம் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். “மூன்று நாட்கள் வாசகர்களுக்கு இடமில்லை” என்று எழுதி வாசலில் ஒட்டினோம். தொடக்க விழாவுக்கு ஒரு பிரமுகரைக் கூப்பிட்டிருந்தோம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். ஒன்பதரைக்கே வந்த பிள்ளைகளை அதுவரை “சத்தம் போடாதே, எழுந்திருக்காதே” என்று அடக்கிவைத்தோம். அவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். அன்றைக்குச் சொல்லவேண்டிய கதையைச் சொல்லவே இல்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் வாசலில் நடந்தது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கும் ஏழெட்டுப் பேர் தினமும் எங்கள் கூடத்துக்கு வருவார்கள். அதில் ஒரு பெண்ணின் வீடு ஒரே அறை. இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் அங்கேதான் தூங்க வேண்டும். விழா அன்று அந்தப் பெண் வெளிப்படியில் உட்கார்ந்து தூறலுக்கு நடுவே படித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, விருந்தினர் கார் வந்துவிட்டதா என்று தெருமுனைக்குப் போனேன்.

முகாம் முடிந்ததும் மேசைகளைப் பழைய இடத்தில் போட்டோம். அவள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மிண்ட் பஸ் நிலையத்தில் பார்த்துக் கேட்டேன். “எப்ப உள்ள விடுவீங்க, எப்ப விடமாட்டீங்கன்னு தெரியலண்ணா. அதான் வீட்லயே படிச்சுக்கிறேன்” என்றாள். அவளோடு படித்த இன்னும் மூன்று பேரும் அப்படியே நின்றுபோனார்கள். மூன்று நாள் முகாமுக்காக, வருடம் முழுக்க வந்துகொண்டிருந்த நான்கு வாசகர்களை இழந்தோம்.

இங்கே சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் வாங்குகிறார்கள். 1948ஆம் வருடச் சட்டத்தில் தொடங்கிய வழக்கம். வாடகைக்கு இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பெண் தன் வீட்டுப் பணத்தில் நடக்கும் இடத்துக்கு வந்தாள், நான் வெளியே உட்காரவைத்தேன். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான சீர்காழி ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. அவருடைய படத்துக்கு மாலை போட்டுத்தான் அன்று விழாவைத் தொடங்கினோம்.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். படிக்கும் மேசைகளை நகர்த்துவதே இல்லை. முகாமைப் பக்கத்துப் பள்ளி வகுப்பறையில் நடத்துகிறோம். அது கிடைக்காவிட்டால் மாடியில் ஷாமியானா போட்டு நடத்துகிறோம். ஒரு வேளைக்கு இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. சத்தம் வரும் இரண்டு மணி நேரம் எது என்று ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுகிறோம். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களிடம் நேரிலும் சொல்லிவிடுகிறோம், ஒட்டிய தாளை எல்லோரும் படிப்பதில்லை. சிறப்பு விருந்தினருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். நேரத்துக்குக் கதை தொடங்கிவிடும், அவர் வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கட்டும். போன வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரைக் கூப்பிட்டோம். பத்து நிமிடம் முன்பே வந்தார், பிள்ளைகள் அவரை விடவே இல்லை.

பொன்னாடை

வேண்டாம். அந்தப் பணத்தைச் சேர்த்து ஆயிரம் ரூபாயாக நூலகத்துக்குக் கொடுத்தால், நன்கொடையாளர் பட்டியலில் ஒரு புரவலரைச் சேர்த்துவிடலாம்.

கட்டுரைப் போட்டி

தேர்வு எழுதி முடித்த கை வலியே போகாத பிள்ளையிடம் மறுபடி பேப்பரை நீட்டாதீர்கள். கேரம் போர்டும் செஸ் போர்டும் வையுங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் ஆடச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

கதை முடிந்ததும் கைதட்டி அனுப்புவது

கதை கேட்ட பிள்ளைக்கு அந்தக் கதை இருக்கும் புத்தகம் உடனே கைக்குக் கிடைக்க வேண்டும். கடல் கதை சொன்னால் கடல், மீன், கப்பல் பற்றிப் பத்துப் புத்தகங்களாவது பக்கத்து மேசையில் விரித்து வைத்திருக்க வேண்டும். உறுப்பினர் படிவமும் பேனாவும் அதே மேசையில் இருக்கட்டும். அப்பா அம்மா பிள்ளையைக் கூப்பிட வரும் அந்தப் பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம். “நாளைக்கு ஆதார் நகலோட வாங்க” என்று அனுப்பினால் பெரும்பாலும் வருவதில்லை. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை முகாம் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். நூலகரிடம் கேட்டு அன்றைக்கே முதல் புத்தகத்தை எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.

பொங்கலுக்கும் ஒரு விழா

தெருவுக்குத் தெரு அப்போது விழாதான். நூலகத்தில் பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, முகாமுக்கு வந்த அதே இருபத்தைந்து பிள்ளைகளுக்கு இன்னொரு கதை. அந்தத் தேதியை முகாமின் கடைசி நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.