இரண்டு மலை, நடுவில் சூரியன்: இதைத் தாண்டி வரைய வைப்பது எப்படி?

மூன்றாம் வகுப்பில் தாளைக் கொடுத்து "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க" என்று சொன்னால் என்ன வரும் என்று தமிழ்நாட்டில் பாடம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு பறவை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகவே இருக்கிற தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழந்தையும் இதைத்தான் வரையும், நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்கிற குழந்தையும் இதைத்தான் வரையும்.

பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நாம் கேள்வி எதுவும் கேட்கவில்லை, அதனால் மனப்பாடமாக இருக்கிற பதிலைத் தருகிறார்கள், அவ்வளவுதான். எனவே அந்த மலைப்படம் பதிலாகப் பொருந்தவே பொருந்தாத ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும். அதைத்தான் இங்கே தூண்டல் என்று சொல்கிறேன். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியரே எல்லாம் பார்க்க வேண்டும் என்பதால், உங்களுக்கு வரையவே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் சொல்லப் போகிறேன்.

முதல் படி: தூண்டலை முந்தின நாளே எழுதி வையுங்கள்

'மழைக்காலம்', 'என் குடும்பம்', 'பொங்கல்' எல்லாம் தலைப்புகள். பொங்கல் என்று சொன்னால் ஒரு பானை, இரண்டு பக்கமும் கரும்பு, மேலே மறுபடியும் அதே சூரியன். இதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்: "பானை பொங்கி வழிவது நிற்கவே இல்லை, தெருவெல்லாம் பொங்கல் ஓடுகிறது, உங்கள் வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள்?" இப்போது தெருவை வரைய வேண்டும், ஓடுகிற ஆளை வரைய வேண்டும், வாளியோடு நிற்கும் பாட்டி, நக்கித் தின்னும் மாடு, வழுக்கி விழுந்த சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் கேள்வியே இழுத்துக்கொண்டு வரும். இதில் எதற்கும் கைவசம் தயாரான படம் கிடையாது.

எழுதும்போது மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: யார், எங்கே, என்ன சிக்கல். டவுன் பஸ்ஸில் ஒட்டகச்சிவிங்கி ஏறிவிட்டது, கண்டக்டர் எப்படி டிக்கெட் கொடுப்பார்? விட்டத்தில் இருக்கும் பல்லிக்கு நம் வகுப்பு எப்படித் தெரியும்? சத்துணவு முட்டையை உரித்தால் உள்ளே வேறு எதுவோ இருக்கிறது, என்ன அது? எழுதி முடித்ததும் ஒரே ஒரு சோதனை. மலையும் சூரியனும் வரைந்து நீட்டிவிட்டு "இதுதான் மிஸ்" என்று ஒரு குழந்தை தப்பித்துவிட முடியுமா? முடியும் என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

இணையத்தில் தூண்டல் தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பனிமனிதன் கட்டு என்றால் ராமநாதபுரத்துப் பிள்ளை கார்ட்டூனில் பார்த்த பனிமனிதனைத்தான் வரையும். டவுன் பஸ்ஸை அது தினமும் பார்க்கிறது, கம்பி எங்கே இருக்கும், படிக்கட்டில் யார் தொங்குவார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. கேள்வி விநோதமாக இருக்கட்டும், இடம் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பொருள்கள்

ஏ4 தாளைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தால் போதும், 40 நிமிடப் பாடவேளையில் முழுத் தாளை நிரப்ப முடியாமல் பாதிப் பேர் தவிப்பார்கள். பென்சில், கிரேயான். உடைந்த கிரேயான் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், மேலே சுற்றியிருக்கும் தாளை உரித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்த்தால் வானமும் தெருவும் சட்டென்று நிரம்பிவிடும். ரப்பரை மட்டும் அன்றைக்குப் பைக்குள்ளேயே வைத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு காதை வரைந்து அழித்து வரைந்து அழித்தே மணியடித்துவிடும். வாட்டர் கலர் இப்போதைக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: வரைவதற்கு முன் பேச்சு

தூண்டலைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் கேள்விதான். ஒட்டகச்சிவிங்கி உட்காருமா, நிற்குமா? கழுத்து எந்தப் பக்கம் போகும், ஜன்னலா, கூரையா? பின்னாடி சீட்டில் இருக்கிறவர் என்ன சொல்வார்? பதில்களுக்குச் சரி, தப்பு சொல்லாதீர்கள், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலகையில் நீங்கள் படம் போட்டுக் காட்டாதீர்கள். நீங்கள் ஓர் ஒட்டகச்சிவிங்கி போட்டால் வகுப்பில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனை தடவை அதே ஒட்டகச்சிவிங்கி வரும், கோணல் உட்பட. வரையத் தெரியாத ஆசிரியருக்கு இது ஒரு வசதிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான்காம் படி: வரையும் நேரம்

இருபது, இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். உங்கள் வேலை வரிசைகளுக்கு நடுவே நடப்பது. இரண்டு வகைக் குழந்தைகளை மட்டும் கவனித்தால் போதும்.

முதலாவது, வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு "எனக்கு யானை வராது மிஸ்" என்று உட்கார்ந்திருக்கும் குழந்தை. அதன் பென்சிலை வாங்கி நீங்கள் வரைந்து கொடுத்துவிட்டால் அடுத்த வாரமும் தாளோடு உங்களிடம்தான் வரும். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேளுங்கள்.

"யானைகிட்ட உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

"தும்பிக்கை."

"சரி, அதை மட்டும் வரை. இப்போ அது என்ன பண்ணுது?"

"குடையைப் பிடுங்குது."

"யார் குடை?"

இதற்குள் கை ஓட ஆரம்பித்திருக்கும், நீங்கள் எழுந்து போய்விடலாம். முழு யானை வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், தாளின் ஓரத்திலிருந்து தும்பிக்கை மட்டும் நீண்டு குடையைப் பிடுங்குவது முழு யானையை விட நல்ல படம்.

இரண்டாவது, ஐந்தே நிமிடத்தில் "முடிச்சுட்டேன் மிஸ்!" என்று ஓடிவரும் குழந்தை. இதற்கென்று சில துண்டுச் சீட்டுகளைத் தயாராக வைத்திருங்கள். "இந்தப் படத்தில் ஒருவர் ஒளிந்திருக்கிறார், யார்?" "இது நடந்து ஒரு மணி நேரம் கழித்து என்ன ஆனது? பின்பக்கம் வரை." "படத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, எங்கிருந்து?" ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்காரட்டும்.

வீட்டுச் சுவர் கண்ணாடியா என்ன, உள்ளே இருக்கிற அம்மாவும் அடுப்பும் எப்படித் தெரிகிறது என்று திருத்தப் போகாதீர்கள். கீழே ஒரு பச்சைக் கோடு, மேலே ஒரு நீலப் பட்டை, நடுவில் வெள்ளை என்று வரைந்தாலும் அப்படியே விடுங்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்து 1947-லேயே எழுதிவிட்டார். தரைக்கோடும் உள்ளே தெரிகிற வீடும் ஏழு முதல் ஒன்பது வயதுப் பருவத்துக்கு உரியவை, குறை இல்லை. ஒன்பதைத் தாண்டியதும் கதை மாறும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிஜம் மாதிரி வரவில்லையே என்ற ஏக்கம் வந்துவிடும், வெட்கத்தில் தாளைக் கையால் மூடும். அவர்களுக்கு 'பொங்கல் ஆறு' வேலை செய்யாமல் போகலாம், வேறு மாதிரி கேளுங்கள்: "மாடிப்படி ஏற முடியாத நண்பனுக்காக நம் பள்ளியை மாற்றிக் கட்ட வேண்டும், வரைபடம் போடு." ஆள் வரையும் பயம் இல்லை, யோசனைக்கு வேலை இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு நேர்மாறாக, ஒரே ஒரு வரி, வாய்மொழியாக: "உன் செருப்பு ராத்திரி எங்கே போயிட்டு வந்துச்சு?"

ஐந்தாம் படி: பார்ப்பது

கடைசிப் பத்து நிமிடம் படங்களைத் தரையில் பரப்பிவிட்டுச் சுற்றி நிற்க வையுங்கள். மதிப்பெண் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், "சூப்பர்" கூட வேண்டாம். சூப்பர் என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டு அடுத்தவளுக்குச் சொல்ல மறந்தால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் அப்படியே இருக்கும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "கண்டக்டர் ஏணி போட்டு ஏறியிருக்கார், பாருங்க." அப்புறம் வரைந்த குழந்தையே படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதட்டும். கட்டுரை எழுதச் சொன்னால் திணறுகிற பிள்ளை, சொந்தப் படத்துக்கு நாலு வரி எழுதிவிட்டு இன்னொரு தாள் கேட்கும்.

வார்த்தையே இல்லாத தூண்டலும் உண்டு. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி ஒரு வளைந்த கோட்டைப் போட்டுக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் பால் டாரன்ஸ் 1966-இல் வெளியிட்ட படைப்பாற்றல் தேர்வில் இப்படி அரைகுறை உருவங்களை முடிக்கச் சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது. நம் ஊருக்கு இன்னொன்று பொருந்தும்: கோலத்துக்கு வைப்பது போல மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கொடுத்து, கோலம் மட்டும் போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

இது பழகியதும் ஒரு பழைய டப்பாவை வைத்து, தூண்டலைப் பிள்ளைகளையே எழுதிப் போடச் சொல்லுங்கள். முதல் வாரம் டப்பாவைத் திறந்தால் பாதிச் சீட்டில் பேய் இருக்கும். வேண்டாம் என்று தடுக்காமல் அதே சோதனையை அவர்களையே செய்ய விடுங்கள், வெறும் 'பேய்' என்றால் வெள்ளைத் துணியும் தலைவிரி கோலமும்தானே வரும்? 'பேய்க்குத் தலையில் பேன், யாரும் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்' என்று மாற்றிக் கொடுத்தால் டப்பாவுக்குள் போகலாம்.