அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சா? அங்கேயும் குமரியிலும் மாற்ற வேண்டிய பதிவுகள்

நம்ம மாவட்டத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் கடைசியில் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் திரும்புவார்கள். அமெரிக்கா போன நர்ஸ் அக்கா, ஐடி தம்பி, அவர்கள் கூப்பிட்டுப் போன அப்பா அம்மா கதை வேறு. உறுதிமொழி எடுத்து, சான்றிதழோடு போட்டோ பிடித்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். நீங்கள் குடியுரிமை வாங்கிய சங்கதி எல்லா அலுவலகத்துக்கும் தானாகப் போய்ச் சேராது. அங்கே ஆளுக்கொரு எண் கொடுத்து ஓய்வூதியமும் தருகிற சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும், இங்கே ரேஷன் கார்டு முதல் வாக்காளர் பட்டியல் வரைக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சான்றிதழ்

உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு குடியுரிமைச் சான்றிதழைத் தருவார்கள். அரங்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம்ம ஆட்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில்தான் வரும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்து, விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, பல வருஷம் அந்த மூன்று எழுத்தோடு காலம் தள்ளியவர்கள் உண்டு. பெயரை ஒழுங்குபடுத்த குடியுரிமை விண்ணப்பமான என்-400 நல்ல வாய்ப்பு. பெயர் மாற்றத்தை அதிலேயே கேட்கலாம். இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைப்பதா என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பின்னால் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவது மிச்சம்.

அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி

2024 ஏப்ரல் 1 முதல் வந்த என்-400 படிவத்தில் இதற்கென்றே கேள்வி இருக்கிறது. ‘என் விவரத்தை சோஷியல் செக்யூரிட்டிக்கு அனுப்பலாம், புது அட்டை வேண்டும்’ என்று அதில் ஒப்புதல் கொடுத்திருந்தால் பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை. கொடுக்கவில்லை என்றாலோ, அட்டை வரவில்லை என்றாலோ, விழா முடிந்து குறைந்தது 10 நாள் பொறுத்து அலுவலகத்துக்குப் போங்கள். அவசரப்பட்டு மறுநாளே போனால் அவர்கள் கணினியில் உங்கள் புது நிலை ஏறியிருக்காது.

கையில் வேண்டியது அட்டைக்கான விண்ணப்பமான எஸ்எஸ்-5 படிவமும் குடியுரிமைச் சான்றிதழும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்துவிட்டால் சான்றிதழுக்குப் பதில் அதைக் காட்டலாம். அசல்தான் வேண்டும், ஜெராக்ஸில் நோட்டரி முத்திரை குத்திக் கொண்டுபோனாலும் எடுக்க மாட்டார்கள். தேதி எழுதும்போது மாதம் முன்னால், நாள் பின்னால். ஜூன் 7-ஐ நம்ம வழக்கப்படி எழுதினால் அது ஜூலை 6 ஆகிவிடும். கட்டணம் இல்லை, எண்ணும் மாறாது.

இன்னொரு விஷயம். முதல்முறை அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அசல் சான்றிதழைக் கூடவே அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் சோஷியல் செக்யூரிட்டியை முதலில் முடித்துவிடுவது நல்லது என்பது என் கணக்கு.

“எண் மாறவில்லையே, எதற்கு அலைய வேண்டும்?” என்று கேட்கலாம். ஊர் திரும்ப நினைக்கிற பெரியவர்களுக்குத்தான் இது முக்கியம். குடிமகன் அல்லாதவர் ஆறு முழு மாதம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, சோஷியல் செக்யூரிட்டித் தொகை நின்றுவிடும். குடிமகனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தகுதியுள்ளவர் குலசேகரத்தில் உட்கார்ந்துகொண்டே வாங்கலாம். ஆனால் அவர்கள் பதிவேட்டில் நீங்கள் இன்னும் கிரீன் கார்டுக்காரராகவே இருந்தால் வீண் சிக்கல். வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்எஸ்ஐ என்ற உதவித்தொகை வேறு கணக்கு: குடிமகனாகவே இருந்தாலும் 30 நாள் வெளிநாட்டில் இருந்தால் நின்றுபோகும். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் பொதுவாக நாகர்கோவில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு வந்து தங்குபவர்கள் முகவரியையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது ஒரு கேள்வித்தாள் தபாலில் வரும். நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நிற்கும். நம்ம பக்கம் ‘விளை’ என்று முடியும் ஊர்கள் ஒரே பெயரில் இரண்டு மூன்று இருக்கும். எனவே வீட்டுப் பெயரோடு நிறுத்தாமல் தபால் நிலையத்தின் பெயரையும் 629-இல் தொடங்கும் பின்கோடையும் முழுசாக எழுதுங்கள்.

இனி ஊர்ப் பதிவுகள்

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, நாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். செல்லுபடித் தேதி மீதி இருக்கிறதே என்று பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்க, தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் ‘உறுப்பினர் நீக்கம்’ இருக்கிறது. கார்டில் பதிந்த செல்போனுக்குத்தான் ஓடிபி வரும். அந்தச் சிம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குடும்பத் தலைவரே வெளிநாடு போனவர் என்றால், தலைவர் மாற்றத்தை முதலில் முடிக்க வேண்டும். ஆன்லைனில் சரிவராவிட்டால் இ-சேவை மையம், இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகம்: உதாரணத்துக்கு, கல்குளத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி, அகஸ்தீஸ்வரத்துக்கு நாகர்கோவில். அம்மா பெயரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயோ முதியோர் உதவித்தொகையோ இன்னும் வங்கியில் ஏறிக்கொண்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டால் பின்னால் திருப்பிக் கேட்கும்போது கஷ்டம்.

வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கப் படிவம் 7. வெளிநாட்டு வாக்காளருக்கான 6ஏ உங்களுக்கு இல்லை. அது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. பூத் அலுவலர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த அங்கன்வாடி அக்காவாகவோ டீச்சராகவோ இருப்பார், அவரிடமே கேட்கலாம்.

ஆதார் குடியுரிமைக்கான சான்று அல்ல. ஓசிஐ அட்டை உள்ளவர் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருந்தால் ஆதார் வாங்கலாம்.

கடைசியாகத் தோப்பு. ஓசிஐ அட்டைக்காரர் இங்கே விவசாய நிலமோ ரப்பர் தோட்டமோ புதிதாக விலைக்கு வாங்க முடியாது. தாத்தா, அப்பா வழியில் வாரிசாக வருவதற்குத் தடையில்லை; இந்தியக் குடிமகனாக இங்கே இருந்தபோது வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோப்பைக் காட்டி பிஎம் கிசானில் வருஷம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.