ரிக்கற் அச்சடிக்க முன்: சங்கத்துச் சீட்டிழுப்பைச் சிக்கலில்லாமல் நடத்துவது

காசு கொடுத்து வாங்குவது, குலுக்கலில் விழுவது, பரிசு கிடைப்பது: இந்த மூன்றும் சேர்ந்தால் அது லொத்தர். வாசிகசாலைக் கூரைக்காக நடத்தினாலும் லொத்தர்தான். 1844இலேயே லொத்தரை அடக்கக் கட்டளைச் சட்டம் வந்த நாடு இலங்கை. ஆகவே அச்சகத்துக்குப் போக முன் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்; திருகோணமலை நகரத்துச் சங்கமென்றால் 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலகத்துக்கு. யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'நல்ல காரியம்தானே, செய்யுங்கோ' என்ற வாய்வார்த்தை தகராறு வரும் நாளில் நிற்காது. கடிதத்தோடு சங்கப் பதிவுச் சான்றிதழ், கூட்டக் குறிப்பின் பிரதி, ரிக்கற் எண்ணிக்கை, விலை, பரிசுப் பட்டியல், இழுப்புத் தேதி எல்லாம் போகட்டும்.

லண்டனில் இருக்கும் பழைய மாணவர் கிளையும் ரிக்கற் விற்கப்போகிறதா? அங்கே 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வேறு கணக்குப் பேசும். இரவு விருந்தில் மட்டும், அந்த மண்டபத்துக்குள் மட்டும் விற்றால் பதிவு தேவையில்லை. ஆனால் விற்ற காசிலிருந்து செலவுக்கு 100 பவுணுக்கும் பரிசுக்கு 500 பவுணுக்கும் மேல் எடுக்கக்கூடாது. முன்கூட்டியே வெளியில் விற்பதென்றால் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும்: முதல் வருடம் 40 பவுண், பிறகு வருடம் 20. சேர்ந்த காசில் குறைந்தது 20 வீதம் நோக்கத்துக்கே போக வேண்டும். இழுப்பு முடிந்து 3 மாதத்துக்குள் இரண்டு உறுப்பினர் கையொப்பத்தோடு கணக்குக் கொடுக்க வேண்டும். எல்லா ரிக்கற்றுக்கும் ஒரே விலை. 'அஞ்சு வாங்கினால் ஒன்று இலவசம்' அங்கே செல்லாது. இங்கிருந்து புத்தகங்களைப் பொதி கட்டி அனுப்பி, 'வித்துத் தாங்கோ' என்பதுதான் மோசமான வழி.

இனி ரிக்கற். 1,000 அடிப்பதென்றால் 25 கொண்ட 40 புத்தகம். இலக்கம் 001 வேண்டாம், 000 இலிருந்து 999 வரை, காரணம் கீழே. ரிக்கற்றில் சங்கப் பெயர், பொறுப்பாளர், விலை, இழுப்பு நாள், இடம், பரிசு கோரும் கடைசித் தேதி இருக்க வேண்டும். அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரும் தொலைபேசியும். புத்தகம் எடுப்பவர் பதிவேட்டில் கையொப்பமிட்டே எடுக்கட்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் கவனம்: முஸ்லிம்களின் மார்க்கத்தில் இது ஹராம், மெதடிஸ்த சபையாரும் விரும்பமாட்டார்கள். அவர்களிடம் நன்கொடைப் பற்றுச்சீட்டை நீட்டுங்கள், ரிக்கற்றை அல்ல.

இழுப்புக்கு இரண்டு நாள் முன் எல்லாப் புத்தகமும் திரும்ப வேண்டும். உதாரணத்துக்கு, முழுதாக விற்ற புத்தகம் 36, அதாவது 900 ரிக்கற். அரைகுறையாக வந்த 3இல் விற்றது 41, மிச்சம் 34. தொலைந்த புத்தகம் ஒன்று, 25. கூட்டினால் 1,000 வருகிறதா? வராவிட்டால் இழுப்பைத் தள்ளிவையுங்கள். ரிக்கற் 100 ரூபா என்றால் கையில் 94,100 இருக்க வேண்டும். தொலைந்த புத்தகத்தின் இலக்கங்களை அன்றே அறிவித்துவிடுங்கள். அதில் வாங்கியவர் யாராவது ரிக்கற்றோடு வந்தால் அதைப் பார்த்து மறு அடிக்கட்டை எழுதுங்கள். காசு, புத்தகம் எடுத்தவர் பொறுப்பு.

அடிக்கட்டைகளை வாளியில் போட்டுக் குலுக்குவது எல்லோருக்கும் பிடித்த வழி, எங்களுக்குப் பிடிக்காத வழி. மார்கழி மழைக்காலத்து ஈரத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டும். பசை போட்ட ஓரம் பிரியாமல் நாலைந்து கட்டியாகவே கிடக்கும். 0 முதல் 9 வரை எழுதிய பத்து மேசைப்பந்துகளும் ஒரு துணிப்பையும் போதும்: நூறு, பத்து, ஒன்று என மூன்று தரம் எடுத்தால் ஓர் இலக்கம். ஒவ்வொரு தரமும் பந்தைப் பைக்குள் திருப்பிப் போடுங்கள். மறந்தால் 121, 500, 777 போல இலக்கம் திரும்பி வரும் 280 ரிக்கற்றுக்குப் பரிசு விழவே வழியில்லை. காசு கொடுத்தவருக்கு அது தெரியவும் வராது. விற்காத இலக்கம் வந்தால் மறுபடி எடுப்போம் என்பதை முதல் பந்துக்கு முன்பே ஒலிவாங்கியில் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டை.

சங்கத்தில் இல்லாத இருவர் சாட்சியாகக் கையொப்பமிடட்டும். பரிசு வாங்குபவர் அடிக்கட்டையின் பின்புறத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அடிக்கட்டைகளைச் சாக்கில் கட்டி, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு நிறைவேறும் வரை பொருளாளர் வைத்திருக்க வேண்டும்.