பார்க்கின்சனுக்குத் ‘துணைச் செல்’ சிகிச்சை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ யாராவது ‘ஸ்டெம் செல் போட்டால் நடுக்கம் நின்றுவிடும்’ என்றால், முதலில் கேளுங்கள்: செல்லை எங்கே செலுத்துவீர்கள்? கை நரம்பில் டிரிப் என்றால் நம்பாமல் எழுந்து வந்துவிடுங்கள். பார்க்கின்சனில் அழிவது, அசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்கள். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த புது டோபமைன் செல்கள் மூளைக்குள் புட்டாமென் பகுதியில் போய் உட்கார வேண்டும். மண்டையோட்டில் துளையிட்டு, ஊசியை மில்லிமீட்டர் கணக்கில் இறக்கும் வேலை அது.

சிக்கலும் அங்கேதான். ஊசி போன காயத்தில் அழற்சி கிளம்பி, வைத்த டோபமைன் செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும், பச்சை பிடிக்கும் முன்பே அழுகிப்போகும் நாற்று மாதிரி. டோபமைன் செல்லோடு சேர்த்து வைக்கும் துணைச் செல் இதற்குத்தான். ஒழுங்குபடுத்தும் டி செல்களை (எதிர்ப்பு சக்தியைக் கட்டுக்குள் வைக்கும் ரத்த வெள்ளையணுக்கள்) சேர்த்து வைத்தால் அழற்சி அடங்கும். ஆஸ்ட்ரோசைட் என்ற மூளையின் ஆதரவுச் செல், வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து நியூரானை (நரம்புச் செல்லை) தாங்கும். 2023-ல் வெளியான டி செல் ஆய்வில் பலன் தெரிந்தது எலிகளில். மனிதருக்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல.

அடுத்து சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே தேடுங்கள். பதிவில் உள்ள நோய் பார்க்கின்சன்தானா, ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா? ‘ஆய்வுதான், ஆனால் மூன்று லட்சம் ஆகும்’ என்றால் நம்பாதீர்கள். ஆய்வில் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

வைத்த செல்லை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். 2025-ல் வெளியான அமெரிக்க–கனடா ஆய்வில் டோபமைன் செல் வைத்த 12 பேருக்கு ஓராண்டு கொடுத்தார்கள். சேற்றில் இறங்கும் விவசாயிக்கு அப்போது எலிக்காய்ச்சல் பயமும் சேரும்.

பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.